கொண்டல் திரும்பப் போகுது என்ற குரல்

வால்வு மூடி இல்லாத அமோனியா சிலிண்டரை என் லாரியில் ஏற்றி அனுப்பியது நீங்கள்தான், முதலாளி. டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான்.

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போகிறவன் நான். இதைப் படிக்கிறவர்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள்.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள், காலை பதினொரு மணி இருக்கும். கட்டுமாவடி ஐஸ் கம்பெனிக்குச் சரக்கு. ஊருக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததில் சிலிண்டர் ஒன்று சாய்ந்து வால்வு உடைந்தது. சீறிக்கொண்டு வெள்ளைப் புகை. கண்ணில் மிளகாய்த் தூளைக் கொட்டியது போல் எரிச்சல். நல்லவேளையாக மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துப் புகையைக் கிழக்கே ஆளில்லாத பொட்டலுக்குத் தள்ளியது. சாலையில் வந்தவர்களை மேற்குப் பக்கம் விரட்டினேன்.

அவசர எண் வண்டியின் அபாயப் பலகையில் இருக்கும். பூஜைக்கு அதன் மேல் சந்தனத்தை அப்பிப் பொட்டு வைத்தவன் நான்தான். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி நகத்தால் சுரண்டினேன். கடைசி எண் மூன்றா எட்டா தெரியவில்லை. எட்டு என்று போட்டேன்.

ஒரு பெண் எடுத்தாள். "சொல்லுங்கண்ணே, அமோனியாதானே?" நான் இன்னும் வாயே திறக்கவில்லை. "எங்கிட்டு நிக்கிறீங்க?"

"மேக்கால. சனமெல்லாம் இங்கிட்டுத்தான் நிக்குது."

"கச்சான நம்பாதீங்க. இப்ப கெழக்க இருந்து கொண்டல் திரும்பப் போகுது. எல்லாரையும் வடக்க வெரட்டுங்க. ஈரத்துணிய மூக்குல கட்டச் சொல்லுங்க. ஒடஞ்ச வால்வுல தண்ணி ஊத்திராதீங்க."

சொன்னேன். பக்கத்தில் நின்ற மீன் வியாபாரி சிரித்தார். "கடல்காத்து உச்சிக்கு மேலதான்யா வரும். போன்ல பேசுறவுகளுக்கு எங்க ஊருக் காத்து தெரியுமாக்கும்?"

போனில் குரல் விடவில்லை. "ஒங்களுக்குப் பின்னால கீத்துக் கொட்டகையில ஒரு பொம்பள கருவாடு பெரட்டிக்கிட்டு இருக்கு. அதுக்குக் காது கேக்காது. கத்தாதீங்கண்ணே, கையப் புடிச்சு இழுங்க."

ஓடினேன். இருந்தாள். கையைப் பிடித்ததும் கருவாட்டாலேயே என் முகத்தில் அடித்தாள். அடியை வாங்கிக்கொண்டு வடக்கே இழுத்து வந்தேன். கூட்டமும் பின்னால் ஓடி வந்தது, சிரித்த வியாபாரி எல்லாருக்கும் முன்னால். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, காற்று திரும்பியது. கொட்டகை வெள்ளையாக மறைந்து போனது. அதைப் பார்த்த அந்தப் பெண் என் சட்டையைப் பிடித்தவள், தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைப் பனிபோல் அடித்துப் புகையை அமர்த்தும் வரை விடவில்லை.

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. "ஒங்க பேரு என்னம்மா?" என்றேன்.

"பேரு எதுக்குண்ணே? எங்களத்தான் அன்னைக்கு யாரும் கையப் புடிச்சு இழுக்கல." வைத்துவிட்டாள்.

சரியான எண்ணின் கடைசி இலக்கம் மூன்றுதானாம். எட்டு போட்டு அழைத்தால் அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்கிறது. ஆனால் முதலாளி, பூட்டிக் கிடக்கும் உங்கள் பழைய கிடங்கின் வாசல் பலகையில் எட்டில் முடியும் அந்த எண்தான் இருக்கிறது. போன வாரம் நானே போய்ப் பார்த்தேன். அங்கே நின்றபோது மூக்கில் அமோனியா நெடி ஏறியது. இன்னும் போகவில்லை, சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அந்தக் கிடங்கை ஏன் பூட்டினீர்கள்? அங்கே வாயு கசிந்த அன்றைக்கு உள்ளே யார் யார் இருந்தார்கள்? கட்டுமாவடி மீன் ஏலக்கூடத்தில், அந்தக் கருவாட்டுக்காரப் பெண்ணும் ஊர்ச் சனமும் பார்க்க நின்று, அவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.