தலைவர் தின்ற லை

அறுபதுகளில் திருவண்ணாமலையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கடலை மில் தொழிலாளர் சங்கத் தலைவர் ஒருவர், தொழிலாளர் வரலாறு அழிந்துவிடக் கூடாது என்று நாலு பக்க மலர் அச்சடிக்க வந்தார். கஞ்சி போட்ட சட்டை, தோளில் கசங்காத சிவப்புத் துண்டு. தன்னைத் தானே தலைவர் என்றுதான் சொல்லிக்கொள்வார். "தலைவருக்கு டீ சொல்லுப்பா" என்றால் அவருக்கு டீ வேண்டும் என்று அர்த்தம்.

வரலாறு முழுக்கத் தலைவர் நடந்தார், தலைவர் முழங்கினார். தலைவர் தும்மியதுதான் பாக்கி. அந்தக் காலத்து 'லை' இப்போதுபோல் இரண்டு துண்டு இல்லை; 'ல' தலையில் தும்பிக்கை வைத்த ஒரே தனி அச்சு. கல்யாணப் பத்திரிகைக்குப் பத்திரிகை அண்ணாமலையார் வருகிற ஊர் என்பதால் அதை அதிகமாகவே வைத்திருந்தோம். அத்தனையும் மூன்றாம் பக்கத்திலேயே காலி. கடலை உடைக்கும் பெண்கள் மில் வாசலில், வெயிலில் உட்கார்ந்த வேலைநிறுத்தம் அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. நாலு பக்கமும் ஒன்றாக அச்சேற வேண்டும் என்பதால், கோத்த பக்கத்தைப் பிரித்து எழுத்தை எடுக்கவும் முடியாது.

"லை தீந்துபோச்சுங்க. தலைவரைக் கொஞ்சம் கம்மி பண்ணா வேலைநிறுத்தத்தைக் கோத்துடலாம்" என்றேன்.

துண்டை நீவிவிட்டுக்கொண்டார். "தலைவர்ல கை வைக்காத. வேலைநிறுத்தத்தைக் கம்மி பண்ணிக்க."

"மொத ஆளா உக்காந்த அஞ்சலை பேர்லயும் லை வருதுங்களே?"

"அவளையும் சேத்து 'மற்றும் பலர்'னு போட்டுடு. அதுல லை வராது."

கோத்துப் பார்த்தேன். வரவில்லைதான். ஒரு தொழிலாளர் தலைவருக்கு எங்கள் தொழில் இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்திருந்ததே என்று இன்றும் வியக்கிறேன்.