நான் அழித்த அலைகள்

சுடலைமுத்து அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி, மில்லர்புரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது போனில் வந்தது. கடலாய்வு அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷம் எனக்கு எதிர் மேசைக்காரர். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவர் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய.

அலுவலகத்தில் அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தப் பேச்சும் தெரிந்திருக்கும். "மேல தண்ணி சும்மா கெடக்கும். கீழ பனை உசரத்துக்கு அலை எந்திரிக்கும்லே" என்பார். கரையிலிருந்து வெகுதூரத்தில் கடலடி சட்டென்று சரிந்து இறங்குகிறது. கடலின் ஏற்றவற்றமான ஓதம் ஏறி இறங்கும்போது அந்தச் சரிவில் மோதி, மேலே இருக்கும் சூடான தண்ணீருக்கும் அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீருக்கும் நடுவே அலையைக் கிளப்புகிறது. சங்கு குளிப்பவர்கள், திடீரென்று அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் வருகிறது என்று சொன்னதைக் கேட்டு வந்தவர், அதை விடவே இல்லை. அலுவலகம் சிரித்தது.

சரிவில் நீளக் கயிற்றில் வெப்பமானிகளைக் கட்டி ஒரு மாதம் இறக்கி வைத்தோம். வந்த பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. சட்டென்று எகிறும், விழும் அளவெல்லாம் கருவிக் கோளாறு, அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அழித்தேன். மூலப் பதிவையும் எடுத்து வைக்காமல், கருவியின் நினைவகத்தைத் துடைத்து அடுத்த வேலைக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே அலை இல்லை என்று அறிக்கை போனது.

அழித்த அளவுகளின் நேரப் பட்டியல் மட்டும் மிச்சம். அண்ணாச்சி அதை ஒருநாள் எடுத்துப் பார்த்தார். எல்லாம் ஓதம் மாறும் நேரத்தோடு ஒத்துப்போயின. "ஏலே, அலையெல்லாம் நீயே அழிச்சிட்டு, அலை இல்லைன்னு எழுதியிருக்கியே" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருக்கலாம்.

மறுபடி கருவி இறக்க மூன்று தடவை மனு எழுதினார். முந்தைய அறிக்கையில் எதுவும் இல்லை என்று மூன்றும் திரும்பி வந்தன. என் தவறை எழுதிவிடுங்கள் என்றேன். "ஒனக்கு பிரமோஷன் வார நேரம். வேற காரணம் எழுதுவோம்" என்றார். பிரமோஷன் வந்தது. அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இந்தப் பெருந்தன்மைதான் எனக்கு எரிச்சல்.

அண்ணாச்சியின் உடல் எடுப்பு அன்று ஒரு அதிகாரி, "பாவம், இல்லாத ஒண்ணத் தேடியே ஆயுசு போச்சு" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்னும் பொறுக்க முடியவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருந்தது அவர் மேசையில் கிடந்த நாலாவது மனு. காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அதில், அளவுகளை அழித்தது நான் என்று பெயரோடு எழுதி நேற்று அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அவர் இருந்தபோதும் அது இரண்டு நிமிஷ வேலைதான்.