கதவின் உச்சியில் நாலு நட்டு

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ரமாபாயைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. தண்ணீர் லாரி வந்தால் குட வரிசையைக் கட்டி மேய்ப்பது அவள்தான். நடுவில் யாராவது குடத்தைச் சொருகினால் அவள் போடும் சத்தத்தில் லாரிக்காரரே குழாயை மூடிவிட்டு நிற்பார். அப்பேர்ப்பட்டவளைத் தடுமாற வைக்க ஒரே ஒரு ஆளால்தான் முடிந்தது. அவள் மகள் அன்புக்கரசி, வயது ஏழு.

பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தால் போதும், மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு ஓடிவிடுவாள். ஆட்டிசம் என்றார் டாக்டர். "இதுக்கு இன்னா மாத்திரை சார்?" என்று கேட்டான் ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் ரமாபாயின் கணவன் அன்பரசன். மாத்திரை கிடையாதாம், பயிற்சிதானாம். அந்தப் பயிற்சியும் அடையாறு பக்கம்தானாம். வடசென்னையில் பிள்ளை பெறுகிறவர்கள் எல்லாரும் இரண்டு பஸ் மாறித்தான் போகவேண்டும் என்று யார் எழுதி வைத்தார்களோ!

ரமாபாயும் போனாள். ஹாரன் சத்தம் கேட்டால் அன்புக்கரசி காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பஸ்ஸில் ஒருத்தி, "புள்ளைய அடக்கத் தெரியலையா?" என்பாள். "நீ வந்து அடக்கிக் காட்டேன்" என்று ரமாபாய் திருப்பிக் கொடுப்பாள். வாய்ச் சண்டையெல்லாம் அவளுக்குத் தூசு. ஆனால் 2004-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ஒருநாள், சிக்னலில் நின்ற பஸ்ஸிலிருந்து பிள்ளை கையை உதறிக்கொண்டு குதித்துவிட்டாள். ஒரு ஸ்கூட்டர் அரையடி தூரத்தில் பிரேக் போட்டு நின்றது. ரமாபாய் பிளாட்பாரத்தில் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இனி நாம் அங்கே போவதில்லை, பயிற்சிதான் நம் பக்கம் வரவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

பயிற்சி கொடுக்கும் நீலா டீச்சர் தங்கமான மனுஷி. "ஒரு ரூம் மட்டும் ஏற்பாடு பண்ணுங்க ரமாபாய். வாரத்துல மூணு நாள் மத்தியானம் நானே வர்றேன்" என்றார். ரமாபாய் குடியிருக்கும் பிளாக்கின் கீழ்த்தளத்தில் பால்வாடி இருந்தது, மதியம் இரண்டு மணிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கும். அதற்குப் பொறுப்பான அதிகாரி அம்மாவிடம் போய்க் கேட்டாள்.

"உங்க ஒரு பொண்ணுக்காகத் திறந்துவிட முடியுமாம்மா? இந்த ஏரியாவுல வேற யாருக்கும் இப்படி இல்லையே" என்றார் அவர். ரமாபாய் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "பத்துப் பிள்ளைங்க இருந்தா கையெழுத்துப் போடுறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள பேரு வேணும். வர்ற திங்கட்கிழமை எனக்கு மாத்தல்."

அன்றைக்குத் திங்கட்கிழமை.

தண்ணீர் வரிசையில் விசாரித்தாள். "நம்ம பக்கம் அப்டில்லாம் யாரும் இல்லக்கா" என்று ஒரே குரலில் சொன்னார்கள். சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்து, எக்கி நின்று மேல் தாழ்ப்பாளைப் போட்டபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

அந்தத் தாழ்ப்பாளை இரண்டு வருஷம் முன்பு தச்சர் ஹபீபுல்லா மாட்டிக் கொடுத்திருந்தார். அவள் காட்டிய இடத்தைப் பார்த்து, "இது பத்தாதும்மா, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுவாங்க. இன்னும் ஒரு சாண் மேல போடணும்" என்றார். எதற்குத் தாழ்ப்பாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஹவுசிங் போர்டு கதவு மெல்லிசுப் பலகை, அதில் திருகாணி நிற்காது. அதனால் துளை போட்டு வெளிப்பக்கம் நாலு நட்டு முடுக்கியிருந்தார். கதவின் உச்சியில் அந்த நாலு நட்டும் இன்னும் துருத்திக்கொண்டுதான் இருந்தன. அவ்வளவு சரியாகச் சொன்னவர் இன்னும் எத்தனை வீட்டுக் கதவில் இப்படி முடுக்கியிருப்பார்!

மறுநாள் காலையிலிருந்து ரமாபாய் பிளாக் பிளாக்காக ஏறினாள். பெயரையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கதவின் உச்சியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாள்.

முதலில் அகப்பட்ட நாலு நட்டு வீட்டில் ஆடு வளர்த்தார்கள். "நடுத் தாப்பாவ மூக்காலயே தள்ளிடுதுக்கா, பேஜாரு புடிச்ச ஆடு" என்றாள் அந்த வீட்டுப் பெண். ரமாபாய் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினாள்.

இரண்டாவது கதவைத் திறந்தவள் கன்னியம்மா. தண்ணீர் வரிசையில் தினம் பார்க்கிற முகம். "எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்லக்கா. கொஞ்சம் துறுதுறுப்பு, அவ்ளோதான்" என்று கதவைச் சாத்தப் பார்த்தாள்.

ரமாபாய் காலை உள்ளே வைத்தாள். "எங்க வூட்டுக் கதவுலயும் நாலு நட்டு கீது, வந்து பாரு. எதுக்குன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

கன்னியம்மா கதவின் உச்சியைப் பார்த்தாள். பிறகு ரமாபாயின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஐந்து வருஷத்து அழுகை அது. அவள் அழுது முடிக்கும்வரை ரமாபாய் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு பேரை எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அன்புக்கரசியோடு ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைசியாக ஹபீபுல்லாவின் பட்டறைக்குப் போனாள். "ண்ணா, எங்கெங்க மேல் தாப்பா போட்டீங்க? ஒரு பேரு குறையுது. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள குடுக்கணும்."

அவர் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே, "எல்லாத்தையும் நீயே பாத்துட்டம்மா" என்றார். நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி அம்மா பால்வாடிக்கே வந்து பட்டியலை இரண்டு முறை எண்ணினார். "ஒன்பதுதானேம்மா இருக்கு?"

"ஒரு பேரு குறைஞ்சா ஒன்பது புள்ளைங்களும் வூட்லயே பூட்டிக் கெடக்கணுமா மேடம்?" ரமாபாய் குரலை உயர்த்தியபோது வாசலில் நிழல் தட்டியது. ஹபீபுல்லா நின்றிருந்தார். ஒரு தோளில் கருவிப் பை, கைப்பிடியில் பன்னிரண்டு வயதுப் பையன். அந்தப் பிள்ளை மறு கையால் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தான்.

"எழுதிக்கோங்க மேடம். பேரு ரஷீது. எம்புள்ள" என்றார்.

உயர்த்திய குரலை ரமாபாய் தணித்துக்கொண்டாள். வியாசர்பாடியில் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

"ஸ்டூல்னு நீங்க சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்ணா" என்றாள்.

"மொத தாப்பா பட்டறைக்குப் பின்னாடி எங்க வூட்டுக்குத்தாம்மா போட்டேன். ஊருக்கெல்லாம் போட்டேன், ஒருத்தர் கிட்டயும் சொல்லல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி அம்மா கையெழுத்துப் போட்டார். ஹபீபுல்லா பையைத் திறந்து புதுத் தாழ்ப்பாளை எடுத்து, யாரும் சொல்லாமலே பால்வாடிக் கதவின் உச்சியில் துளை போட ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை மதியம் நீலா டீச்சர் வந்தார். பத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். உள்ளே நுழைந்த ஒவ்வொரு தாயும் முதலில் கதவின் உச்சியை அண்ணாந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் பிள்ளையின் கையை விட்டாள்.