பதினோரு தலைகள்

எனக்குப் படம் வரையத் தெரியாது. இதை வேறு யாராவது சொன்னால் வெறும் தகவல். நான் ஓவிய ஆசிரியை என்பதால் அது பயமாக இருந்தது. பாலக்கரையில் ஒரு பெண்கள் பள்ளியில் பகுதிநேர வேலை. ஒவ்வொரு ஏப்ரலிலும் தலைமையாசிரியை சிஸ்டர் கூப்பிட்டு, அடுத்த வருஷம் நான் உண்டா இல்லையா என்று சொல்வார். பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு நிமிஷத்துக்காக மார்ச் முழுக்கத் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறேன்.

வகுப்பில் நான் போர்டில் வரைவேன், பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை, ஒரு குடிசை. என் அம்மாவுக்கு இட்லி வருவது மாதிரி எனக்கு அந்தக் குடிசை வரும், கண்ணை மூடிக்கொண்டே. ஏழாம் வகுப்பில் ஒருத்தி மட்டும் சும்மா இருக்க மாட்டாள். ஸ்ரீரங்கத்திலிருந்து என்னோடு அதே பஸ்ஸில் வருகிறவள். “மிஸ், நம்ம மலைக்கோட்டை இப்படி முக்கோணமா இல்லையே” என்று ஒருநாள் எழுந்து நின்று கேட்டாள். “உட்காரு” என்றேன். வேறென்ன சொல்ல?

பிப்ரவரியில் சிஸ்டர் கூப்பிட்டார். சென்னையிலிருந்து ஓர் ஓவியர் வருகிறாராம், ஐந்து நாள் பயிற்சிப் பட்டறை, கடைசி நாள் பெற்றோருக்குக் கண்காட்சி. “முடிஞ்சதும் அவங்க ஒரு ரிப்போர்ட் தருவாங்க மிஸ். பிள்ளைங்களைப் பத்தி மட்டும் இல்ல, உங்களைப் பத்தியும்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஏப்ரலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலில் எண்ணினேன்.

வந்தவர் என்னைவிடச் சின்னப் பெண். கையில் பழுப்புத் தாள் சுருளும் கரித்துண்டுகளும் மட்டும். வந்ததும் போர்டிலிருந்த என் தென்னை மரத்தை, “அழிச்சுடலாமா மேடம்?” என்று என்னிடமே அனுமதி கேட்டு அழித்தார். பிள்ளைகளைத் தரையில் எதிரெதிரே உட்கார வைத்து, தாளைப் பார்க்காமல் எதிரில் இருப்பவள் முகத்தை மட்டும் பார்த்துக் கோடு போடச் சொன்னார். வகுப்பே சிரித்தது. “நீங்களும் உட்காருங்க மேடம்” என்றார். “தண்ணி கேன் வந்துச்சான்னு பார்த்துட்டு வரேன்” என்று எழுந்து போனேன். மறுநாள் சாவி தேடினேன். மூன்றாம் நாள் தேட ஒன்றும் மிஞ்சவில்லை, உட்கார்ந்தேன்.

எதிரில் இருந்த பிள்ளையை முறைத்துப் பார்த்தேன். கரித்துண்டை ஓட்டினேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? குனிந்து பார்த்தால் தாளில் இரண்டு மலை. அதை நாலாக மடித்து ஹேண்ட்பேக்கில் திணித்தேன். ஜிப் அறுந்து, ஊக்கு குத்தி வைத்திருக்கிற பை அது. அன்றைக்குப் பஸ்ஸில் யாராவது அந்தப் பையைத் திறந்து பார்த்துவிடுவார்களோ என்றுகூடப் பயந்தேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தான்.

நாலாம் நாள், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியை வரையச் சொன்னார். பெரும்பாலும் கோபுரமும் காவிரிப் பாலமும் வந்தன. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த ஸ்ரீரங்கத்துப் பிள்ளை மட்டும் காவிரியை வரையவே இல்லை. காலை நேரத்து பஸ்ஸில் நிற்கிற ஆட்களை வரைந்திருந்தாள். குள்ளமான பிள்ளை, கூட்டத்தில் அவள் கண்ணுக்கு என்ன தெரியுமோ அது மட்டும்: சேலைக் கொசுவம், பெல்ட், டிபன் பை, கம்பியைப் பிடிக்க மேலே போகிற கைகள். பதினோரு உடம்பு, ஒன்றுக்கும் தலை இல்லை. தாளின் மேல்பாதி வெற்றாகக் கிடந்தது. ஓவியர் அதன் முன்னால் ரொம்ப நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அன்று மாலை ஓவியர் தங்குமிடத்துக்குப் போன பிறகு, படங்களை ஹாலில் ஒட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் வந்தார். “என்ன மிஸ் இது, ஒருத்தருக்கும் தலையைக் காணோம்? நாளைக்குப் பேரன்ட்ஸ் வராங்களே” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

எங்கள் தொழிலில் ஃபினிஷிங் என்று ஒன்று உண்டு. கண்காட்சிக்கு முன்னால் பிள்ளைகளின் படத்தை வாத்தியார் எடுத்து, கோணலை நேராக்கி, வண்ணம் விட்டுப்போன இடத்தை நிரப்பிவிடுவது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடக்கும். அதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை, பிள்ளைக்குத் தலை வாரி அனுப்புவதைப் போலத்தான். கரித்துண்டை எடுத்தேன். பதினோரு கழுத்திலும் பதினோரு தலை வைத்தேன். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான், வாழைப்பூ மடல் மாதிரிக் கண், சின்ன மூக்கு, புன்னகை. மேலே ஜன்னலும் அதில் மலைக்கோட்டையும் போட்டேன். முக்கோணமாக.

மறுநாள் காலை அந்தப் பிள்ளை முதல் ஆளாக வந்தாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கேட்பாள் என்று காத்திருந்தேன், மலையைக் கேட்டவள்தானே. கேட்கவில்லை.

பெற்றோர் வந்தார்கள், காபி வந்தது. ஓவியர் ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்து அந்த பஸ் படத்தின் முன்னால் நின்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். பதினோரு பேருக்கும் ஒரே மூக்கு. அது எந்தக் கை என்று தெரிய ஓவியராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் சிஸ்டர் வேறு.

ஓவியர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார். “இந்தத் தலையெல்லாம் எப்பம்மா போட்டே?”

நான் தரையைப் பார்த்தேன். ‘நான்தான் போட்டேன்’ என்று சொல்ல ஒரு நொடி போதும். ஏப்ரல் ஞாபகம் வந்து வாயை அடைத்தது.

“நேத்து சாயங்காலம், மேடம்.”

“ஏன் போட்டே?”

“தலை இல்லாட்டி எல்லாரும் பயப்படுவாங்க.”

ஓவியர் படத்தின் ஓரத்தைக் காட்டி, “சரி, இது யாரு?” என்றார். புன்னகைக்கிற ஒரு முகத்துக்குக் கீழே, ஊக்கு குத்திய ஒரு பை இருந்தது. அப்போதுதான் நானே அதைப் பார்த்தேன்.

“எங்க மிஸ்” என்றாள் அவள்.

ஓவியர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். ரிப்போர்ட்டில், ஆசிரியை பிள்ளைகளுடன் அக்கறையாக உழைத்தார் என்று ஒரு வரி இருந்ததாம். ஏப்ரலில் சிஸ்டர், “அடுத்த வருஷமும் வாங்க மிஸ்” என்றார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் போர்டில் எதுவும் வரையாமல் வகுப்பைத் தொடங்கினேன். “உங்க வீட்ல இருக்கறவங்களை வரைங்க. என்னைக் கேட்காதீங்க, உங்களுக்கு எப்படித் தெரியுதோ அப்படி” என்றேன். எட்டாம் வகுப்புக்கு வந்திருந்த அந்த ஸ்ரீரங்கத்துப் பிள்ளை முதலில் முடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். அப்பா, அம்மா, தங்கை, அவள். சட்டைப் பித்தானில் நூல் தொங்குவதைக்கூட விடவில்லை. தங்கை காலில் ஒற்றைக் கொலுசு. எல்லாம் கழுத்தோடு நின்றிருந்தன. மேலே இடம் விட்டிருந்தாள்.

“தலை எங்கம்மா?” என்றேன்.

“நீங்க போட்ருவீங்கன்னு விட்டுட்டேன் மிஸ். நான் போட்டா சரியா வராது.”

குத்திக்காட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்காகப் பென்சிலைச் சீவிக் கையில் வைத்திருந்தாள்.