அம்மாவுக்கு பஸ் ஆகாது

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தும்மல் என்றாலே எனக்கு நடுக்கம். தும்மினால், இருமினால், கொஞ்சம் வாய்விட்டுச் சிரித்தால்கூட புடவை நனைந்துவிடும். குழந்தைக்கு மூன்று வயதாகியும் அது நிற்கவில்லை. எண்பதுகளின் நடுவில் எனக்கு வீடு விழுப்புரம், டீச்சர் வேலை திண்டிவனத்தில். காலையில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல்தான் பஸ் ஏறுவேன். வேலையை விடுகிறேன் என்று எழுதிய கடிதம் ஒரு வாரமாகக் கைப்பையில் கிடந்தது. காரணம் 'குடும்பச் சூழ்நிலை' என்று போட்டிருந்தேன். உலகத்தில் எனக்கு மட்டும்தான் இப்படி என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை சமயம். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது பக்கத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூசு ஜன்னல் வழியாக அப்படியே உள்ளே அடித்தது. வழக்கம்போல் காலைப் பின்னிக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி தும்மினேன். நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பக்கச் சீட்டில் ஓர் அம்மாளும் அதேபோல் காலைப் பின்னிக்கொண்டு தும்முகிறார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கல்லூரிக்குப் போகும் பெண் மட்டும் காலை நீட்டியபடி சுகமாகத் தும்மினாள். எனக்கு வெட்கம் போய் வேடிக்கை பார்க்கும் புத்தி வந்துவிட்டது. பெண்கள் சீட்டுகளில் ஒவ்வொரு காலாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

பக்கத்தில் களைக்கொத்தோடு உட்கார்ந்திருந்தவர் அதைக் கவனித்துவிட்டார்.

"உனக்கு எத்தினி புள்ளைங்கம்மா?" என்றார் மெதுவாக.

"ரெண்டுங்க."

"எனக்கு நாலு. பதினஞ்சு வருசமா இப்படித்தான் காலைப் பின்னிக்கினு கெடக்குறேன்."

"டாக்டர்கிட்ட காட்டலீங்களா?"

"இத்தப் போயி யார்கிட்ட சொல்றது?"

அம்மா எங்களோடுதான் இருந்தாள். அன்று மாலை செருப்பைக் கழற்றியதும், தும்மினால் உனக்கும் இப்படி ஆகுமா என்று நேராகக் கேட்டுவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது.

"உன்னைப் பெத்ததுலேர்ந்து" என்றாள்.

அம்மாவுக்கு பஸ் ஆகாது என்பது எங்கள் சொந்தபந்தம் அத்தனைக்கும் தெரிந்த விஷயம். கல்யாணம் காட்சி எதற்கும் வரமாட்டாள். வந்தே தீரவேண்டும் என்றால் அப்பா எலுமிச்சம்பழம் வாங்கி முகரக் கொடுப்பார். நான் பட்டம் வாங்கியதைப் பார்க்கக்கூட அவள் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு அதுவரைக்கும் ஆறவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

கடிதத்தை அன்றே கிழித்துப் போட்டேன். அம்மாவைப் போல் வீட்டோடு ஒடுங்கிப்போக எனக்கு மனமில்லை.

சனிக்கிழமை திண்டிவனத்தில் ஒரு லேடி டாக்டரைப் பார்க்க இருவரும் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் பழக்கதோஷத்தில் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி அம்மாவிடம் நீட்டினேன்.

"எனக்கு என்னிக்குடி பஸ்ல வாந்தி வந்துச்சு?" என்றாள் அம்மா.