சந்தனம் பூசிய துப்பாக்கி

துப்பாக்கிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்த வீடு கொல்கத்தாவில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். டாக்குரியாவில் எங்கள் ஃபிளாட்டில், சரஸ்வதி பூஜையன்று அம்மாவின் அரிவாள்மணை, அப்பாவின் பேனா, அன்று படிக்காமல் தப்பிப்பதற்காக நான் கொண்டுவந்து அடுக்கும் புத்தகங்கள், இவற்றோடு மாமாவின் ரிவால்வரும் அம்பாளுக்கு முன் உட்கார்ந்திருக்கும். மாமா அம்மாவின் தம்பி. பெஹாலாவில் அப்பளம், காப்பிப்பொடி மொத்த வியாபாரம். வசூலோடு திரும்பும்போது ஒருமுறை யாரோ வழிமறித்தார்கள். அதன் பிறகுதான் லைசென்ஸும் ஒரு பழைய ரிவால்வரும் வாங்கினார்.

அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அந்தக் காலத்து ரிவால்வரில் குண்டைத் தட்டும் சுத்தியலின் மூக்கு நேராகக் குண்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால், விசையை யாரும் தொடாமலேயே வெடித்துவிடும். அதனால் சுத்தியலுக்கு நேராக உள்ள குண்டு அறையைக் காலியாக விட வேண்டும். வருஷா வருஷம் பூஜைக்கு முன் அப்பா, "அந்த ஒண்ணு காலியா இருக்கோன்னோ?" என்று கேட்பார். மாமா சிரித்துக்கொண்டே திறந்து காட்டுவார். அப்புறம்தான் கற்பூரம் ஏற்றுவார்கள். அப்பா பேங்க் ஆபீசர், எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பவர். எனக்கு அது சுத்தப் பயந்தாங்கொள்ளித்தனமாகத் தெரிந்தது.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் மாமா பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுப் பிஸ்டல் வாங்கியிருந்தார். அப்பா வாயைத் திறப்பதற்குள், "இதுல அந்தக் கவலையே கிடையாது, அத்திம்பேர்" என்று சொல்லிவிட்டார். புதுசின் மேல் இருந்த நம்பிக்கையில் குண்டுகளை எடுக்கவும் இல்லை. அப்பா தலையை ஆட்டினார். ஆனால் அன்று முழுவதும் அவர் கண் அதன் மேலேயே இருந்தது.

சாயங்காலம் கீழ் வீட்டு வங்காளி மாமி, நாங்கள் கூப்பிடும் காகிமா, துர்க்கா பூஜை நவமிக்கு எடுத்த புதுப் புடவை கட்டிக்கொண்டு சுண்டலுக்கு வந்தாள். கூடவே அவள் பெண். என் வகுப்பில் படித்தாள். அவளுக்கு என்னைப் பிடித்துப்போக வேண்டும் என்பதுதான் அந்த வருஷம் எனக்கிருந்த ஒரே லட்சியம். அவள் பிஸ்டலைப் பார்க்க ஆசைப்பட்டாள். "நாளைக்குப் புனர்பூஜை ஆகாம எடுக்கப்படாதுடா" என்றாள் அம்மா. மாமா கேட்டால்தானே. அம்மா பிடி முழுக்கத் தாராளமாகச் சந்தனம் பூசியிருந்தாள், அது இன்னும் காயவில்லை. பிஸ்டல் மாமாவின் கையில் வழுக்கியது. இரண்டு கையாலும் பிடிக்கப் பார்த்தார். அது விரால் மீன் மாதிரி துள்ளித் துள்ளிப் போயிற்று.

அவர் காலடியில் உட்கார்ந்திருந்த எனக்கு அடுத்து நினைவிருப்பது இருட்டும், மூச்சு முட்டும் பாரமும், விபூதி வாசனையும்தான். டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வேறொன்றும் நடக்கவில்லை.

வெளிச்சம் வந்தபோது அப்பா என் மேலிருந்து எழுந்துகொண்டிருந்தார், கோடு போட்ட டிராயரோடு. வேஷ்டி வாசல் பக்கத்துச் செருப்பு ஸ்டாண்டில் மாட்டித் தொங்கியது. சுண்டல் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. காகிமா, "கிச்சு ஹொய்னி தோ, தாதா?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரிக்கும்போதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பெண் பொத்திக்கொள்ளவில்லை.

மாமாவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "உள்ள ஒரு சின்னக் கட்டை, குண்டைக் குத்தற ஊசியைத் தடுத்துண்டு நிக்கறது, அத்திம்பேர். விசையை முழுக்க இழுத்தாத்தான் அது விலகும். மாடிலேர்ந்து போட்டாலும் வெடிக்காது." அப்பா வேஷ்டியைச் சுற்றிக்கொண்டே, "நான் பழசுன்னே நெனச்சுட்டேன்" என்றார். எல்லோரும் இன்னொரு தரம் சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் என்னிடம் வந்து, "எங்கயும் அடிபடலையே?" என்று கேட்டார். அவர் முழங்கையில்தான் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அன்று இரவு துர்க்கா பூஜைப் பந்தல் பார்க்க அழைத்துப்போவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். நான், "நீ வராதே. மாமாவோட போய்க்கறேன்" என்றேன், அந்தப் பெண் காதில் விழும்படியாக. அப்பா சரியென்று குனிந்து சுண்டலைப் பொறுக்க ஆரம்பித்தார்.

பந்தல் பந்தலாக மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். எங்கே பார்த்தாலும் அந்த டிராயர்தான் கண்ணில் நின்றது. இப்படியும் ஒரு அப்பாவா என்று கூசிப்போனேன். அப்பா நின்றிருந்தது வாசலில். பயந்தவருக்கு ஓரடி பின்னால் வைத்தால் போதும், வெளியே போயிருக்கலாம். வேஷ்டி வாசலில் இருக்க, அவர் மட்டும் எப்படி என்னிடம் வந்து சேர்ந்தார் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.