காய்ச்ச பிறகு போவம்

நேற்றுப் பல்லரோ சந்தையில் காட்டுப் பெருஞ்சீரகக் கீரை ஒரு கட்டு வாங்கினேன். காசு கொடுத்துத்தான் வாங்கினேன். இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த புதிதில் என்னைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். கட்டை அவிழ்த்துக் குசினி மேசையில் போட்டதும் வீடெல்லாம் தூள் வறுக்கிற வாசம். மிளகாய் சட்டிக்குள் விழுந்து எல்லாரையும் தும்ம வைப்பதற்கு முன்னால், பெருஞ்சீரகம் மட்டும் தனியே சூடேறி இனிப்பாக எழும்புமே, அந்த வாசம்.

எனக்கு எதிரே மகள் பாடம் ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு. ஆதிமனிதர் கதை நடக்கிறது.

"முதல் ஆக்கள் காட்டிலை கிடைச்சதைச் சாப்பிட்டவை. பிறகு விதை போட்டவை. பிறகு வில்லாஜ்ஜோ எண்டு ஊர் கட்டி ஒரே இடத்திலை இருந்தவை. பஸ்தா, அவ்வளவுதான்."

"ஏனாம் விதை போட்டவை?"

"பசிச்சது, மம்மா."

கீரை ஆய்ந்த கை நின்றுவிட்டது. "பசிக்குத்தானெண்டு ஆருக்குத் தெரியும்? ஆரோ ஒருத்தி தன்ரை புருசனை வேறை ஊருக்குப் போகவிடாமல் மறிக்கப் போட்டிருப்பாள்" என்றேன்.

மகள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பிடி இதிலை இல்லை" என்றாள்.

புத்தகத்தில் எப்படி இருக்கும்? அது றெஜினாக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த கதை. இனி நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாங்கள் வந்த காலத்தில் எங்களுக்கு ஞாயிறு என்றால் மலை. மற்ற நாளெல்லாம் ஒவ்வொரு சிஞ்ஞோரா அம்மா வீட்டிலும் நிலம் துடைத்துத் தேய்ந்த முழங்கால்களோடு, ஞாயிறு விடிய மொந்தே பெல்லெக்ரினோவின் பழைய கல்லுப்பாதையால் குகைக்கோயில் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் ஏறுவோம். மன்னார், யாழ்ப்பாணம், தீவுப்பக்கம் என்று எல்லாப் பெண்களும் வருவார்கள். வேதக்காரர் செபமாலையோடு வருவார்கள், சைவக்காரர் திருநீற்றோடு வருவார்கள். குகைக்குள் இருக்கிற அந்தப் பெண்பிள்ளை ஒருத்தரையும் சாதி சமயம் கேட்டதில்லை. ஏறும்போது பக்தி. இறங்கும்போது கீரை. உண்மையைச் சொன்னால் எனக்கு இறங்குவதில்தான் பக்தி கூட.

அந்த மலையின் ஒரு பக்கத்தில் ஆதிமனிதர் இருந்த குகைகள் உண்டு. சுவரில் மனித உருவங்களைக் கீறி வைத்திருக்கிறார்களாம். உள்ளே விடமாட்டார்கள், நானும் பார்த்ததில்லை. ஆனால் காட்டுக்கடுகு பூத்து மலைச்சரிவு மஞ்சளாகக் கிடக்கிற ஒரு காலையில், பாவாடையைச் சொருகிக்கொண்டு குனிந்து நிற்கும் பெண்களைத் தூரத்திலிருந்து பார்த்தபோது, அந்தக் குகைக்காரர் திரும்பி வந்துவிட்டார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். வெயிலில் கண் கூசியது. கடல் கீழே அசையாமல் கிடந்தது. யாரோ யாரையோ கூப்பிட்ட சத்தம் எங்கேயோ பட்டு மெல்லத் திரும்பி வந்தது. அந்தக் காலை இன்னும் என் தலைக்குள் முடியவில்லை.

மாரியில் காட்டுக்கடுகு. வசந்தத்தில் பெருஞ்சீரகம். கோடை பிறந்தால் குப்பைக்கீரை. இந்த ஊர்க்காரர் குப்பைக்கீரையைத் திரும்பியும் பாரார்கள். சுவர் இடுக்கெல்லாம் எங்களுக்காகவே முளைத்துக் கிடக்கும். கடைசியில் நாகதாளிப்பழம். கிடைத்ததைப் பாதை முடிவில் ஒரு சீலையில் கொட்டி எல்லாருக்கும் பிரிப்போம். யார் கூடப் பிடுங்கினார்கள் என்று யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் என் பங்கு வெகுவாகக் குறைந்திருக்கும். நான் வாய் பார்க்கிற பேர்வழி.

ஒருநாள் ஸ்டேஷன் பக்கத்துப் பூங்காவில் சிவப்புத் தண்டங்கீரை செழித்து நின்றதைக் கண்டோம். பாத்தி பாத்தியாக, முழங்கால் உயரத்துக்கு. "மாதாவே, இதை ஒருத்தரும் பிடுங்கேல்லையே" என்று றெஜினாக்கா பாய்ந்தாள். நானும் பாய்ந்தேன். பாதிப் பாத்தி முடிந்தபோது நகரசபைக் காவலர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அது அழகுக்கு நட்ட செடியாம்! நாங்கள் கையால் வாயைக் காட்டி, தின்னலாம் என்று விளக்கினோம். அவர் எங்கள் முகத்தையும் கீரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போங்கள் என்று கையைக் காட்டினார். கீரையைத் திருப்பிக் கேட்கவில்லை. "இஞ்சை முளைச்சது வேறை, நட்டது வேறை போல கிடக்கு" என்று றெஜினாக்கா வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

அவளும் அவள் புருசன் அன்ரன் அண்ணையும், நானும் என் மனுசனும் பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்து இருந்தோம். வீடு என்று சொல்கிறேனே தவிர, இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு கட்டில் கூடக் கிடையாது. நிலத்தில் மெத்தை. இரண்டு சட்டி. ஏனென்றால் எல்லாரும் போகப் போகிறோம். அன்ரன் அண்ணையின் தமையன் கனடாவில். "இது இடைத்தங்கல், தங்கச்சி. ஒரு கரண்டியும் வாங்காதேங்கோ" என்பார். நல்ல மனுசன், ஆனால் கால் ஓர் இடத்தில் தரிக்காது. கதிரையில் இருக்கும்போதும் நுனியில்தான் இருப்பார். நாளைக்குப் போக வேண்டுமென்றால் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார், அவ்வளவுதான்.

றெஜினாக்காவுக்குப் போக விருப்பமில்லை. இதை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள், மலையில் வைத்து, வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று சொன்ன அதே நாளில். சண்டைக்குப் பயந்து அவள் மாறிய இடங்கள் கொஞ்சமல்ல: மன்னாரிலிருந்து மடு, மடுவிலிருந்து கரைக்கு வந்து வள்ளத்தில் மண்டபம் முகாம், திரும்பவும் மன்னார், பிறகு கொழும்பில் லொட்ஜ் அறை, பிறகு இங்கே.

"போன இடமெல்லாம் ஒரு மிளகாய்க் கண்டெண்டாலும் வைச்சனான், பிள்ளை. ஒண்டும் காய்க்குமட்டும் இருக்கக் குடுத்துவைக்கேல்லை. இனி எனக்கு ஏலாது" என்றாள்.

"அண்ணையிட்டைச் சொல்லுங்கோவன்."

"சொன்னால் கேக்கிற ஆளே அவர்?"

எங்கள் வீட்டுக்குப் பின்னால், இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து இடிந்த வீடொன்று கூரையில்லாமல் நின்றது. நாலு சுவர், மேலே வானம். அந்த வட்டாரத்துக் குப்பையெல்லாம் அதற்குள்தான். நாங்களும் மரக்கறி கழுவிய தண்ணீரை யன்னலால் அதற்குள் ஊற்றுவோம். ஒருநாள் அங்கே ஒரு பாகற்கொடி எட்டிப் பார்த்தது. தமிழ்க்கடையில் வாங்கி, முற்றிப் பழுத்ததால் எறிந்த பாகற்காயின் விதை. வந்த அன்றே பிடுங்கி எறிந்திருக்கலாம். றெஜினாக்கா இறங்கிப்போய் அதைச் சுற்றி நாலு கல் வைத்தாள்.

பிறகு அவள் செய்ததுதான் கெட்டித்தனம். தனக்குத் தெரியாதது போல, "இது என்ன கொடியெண்டு ஒருக்கால் பாருங்கோவன்" என்று அன்ரன் அண்ணையை அனுப்பினாள். அண்ணை விவசாயி வீட்டுப் பிள்ளை. போனார், பார்த்தார், "பந்தல் இல்லாமல் இது என்னத்துக்கு உதவும்?" என்று ஏசினார். மறுநாள் எங்கிருந்தோ தடி கொண்டுவந்தார். அடுத்த கிழமை கயிறு. கனடாப் பயணம் சரிவந்தது என்று தமையன் ரெலிபோன் எடுத்தபோது கொடியில் மஞ்சள் பூ நிறைந்திருந்தது.

"காய்ச்ச பிறகு போவம்" என்றார் அன்ரன் அண்ணை.

நான் றெஜினாக்காவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு அரிசி களைந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

காய்த்தது. முதல் காயைக் கறிவைத்து எல்லாரும் தின்றோம். மேல்மாடிக் கிழவி கயிற்றில் கூடை இறக்கித் தன் பங்கைக் கேட்டு, ஒரு வாய் தின்றுவிட்டுப் போட்ட சத்தம் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் காய்த்தவுடன் விதை வந்துவிட்டது. விதையை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? பிறகு வெண்டி. பிறகு பயிற்றை. பிள்ளை பிறந்தது. அண்ணை குப்பையை அள்ளி நிலத்தைச் சமப்படுத்தினார். ஒருநாள் தூள் இடிக்கவென்று பளிங்குக்கல் உரல் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் பிடித்து இறக்கவேண்டிய பாரம். கரண்டி வாங்காதே என்ற மனுசன்! அன்று எனக்குத் தெரிந்தது, இந்த ஆள் இனி எழும்பமாட்டார்.

சந்தோசப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் மெல்லக் கரைந்தன. "தண்ணி விடோணும், நீ போட்டு வா" என்பாள் றெஜினாக்கா. அவளைப் பார்த்து மற்றவர்களும் பின்சுவர், மொட்டைமாடி, எண்ணெய்த்தகரம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் விதை போட்டார்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஞாயிறு ஏது? மலைக்குப் போனவர்கள் குறைந்து, பாதை முடிவில் விரித்த சீலை சின்னதாகி, கடைசியில் விரிப்பதற்கே ஆளில்லாமல் போனது.

நாங்களும் தனிவீடு பார்த்துப் போய்விட்டோம். ஒரு நாள் கறிக்கு நாலு வெண்டிக்காய் பிடுங்கலாமென்று வழக்கம்போல அந்த இடிந்த வீட்டுக்குப் போனால், வாசலில் தகரக் கதவு. பூட்டு. சுற்றுவட்டாரத்துப் பெடியள் காயைப் பறித்து எறிந்து விளையாடுகிறார்களாம், அண்ணை போட்டிருக்கிறார். றெஜினாக்கா யன்னலால் எட்டிப் பார்த்து, "நில்லு பிள்ளை, திறப்பு அவரிட்டை. பின்னேரம் நான் குடுத்துவிடுறன்" என்றாள். குடுத்தும் விட்டாள், பை நிறைய. ஆனால் தருகிற கை வேறு, பிடுங்குகிற கை வேறு. அந்த வெண்டிக்காயைச் சமைக்கும்போது எனக்கு அழுகை வந்தது. இதற்கெல்லாமா அழுவது என்று என் மனுசன் கேட்டார். அவருக்கு என்ன தெரியும்?

இப்போது அந்த நிலத்தில் சுற்றுலாக்காரருக்குக் குடை விரித்து மேசை போட்டிருக்கிறார்கள். நிலத்துக்கு ஒரு சொந்தக்காரன் திடீரென்று முளைத்து வந்தான். அன்ரன் அண்ணை அதற்கு முன்னமே நகரத்துக்கு வெளியே, சியாகுல்லிக்கு மாறிவிட்டார். தோட்டங்களில் கூலிக்குப் பழம் பறிக்கப் போனவர், பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் நாட்டமில்லாத ஒரு முதலாளியின் மரங்களைக் குத்தகைக்கு எடுத்தார். மற்ற இடத்து மந்தரீன் தோடம்பழம் எல்லாம் முடிந்த பிறகு, மாசி பங்குனியில்தான் அந்த மரங்கள் பழுக்கும். பொறுமையில்லாதவருக்குச் சரிவராத பயிர். கதிரை நுனியில் இருந்த அந்த மனுசன் அந்த மரங்களுக்குக் கீழே நாள் முழுக்க அசையாமல் இருப்பதை நானே கண்டிருக்கிறேன்.

றெஜினாக்காவின் மகள், அன்று வயிற்றில் இருந்தவள்தான், கலியாணம் முடித்து இங்கிலாந்துக்குப் போனாள். போன வருசம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளைக்குச் சுகமில்லை, பகலில் இவள் தனிய. இரண்டு பேரும் வந்து எங்களோடு இருங்கள் என்று அழுதாளாம். றெஜினாக்கா அன்றே வெளிக்கிட்டு நின்றாள்.

"மந்தரீன் இன்னும் பச்சை. பழுக்கட்டும், வாறன்" என்றார் அன்ரன் அண்ணை.

அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனது நான். வழியெல்லாம் அவள் கடல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். திரும்பி வருவீங்களோ என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

நேற்று மகளுக்கு ஆதிமனிதர் பாடம் முடிந்து கொஞ்ச நேரத்தில் கதவு தட்டிக் கேட்டது. அன்ரன் அண்ணை. ஒரு பெட்டி மந்தரீன், இலையோடு. பழம் எல்லாம் பறித்து முடிந்துவிட்டதாம். அப்பாடா என்று, "எப்ப அண்ணை பயணம்?" என்றேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"இப்ப கொப்பு வெட்டிவிடேல்லையெண்டால் வாற வருசம் காய்க்காது, தங்கச்சி. பிறகு தண்ணி கட்டோணும்..."

"பேரப்பிள்ளை நிமிர்ந்து இருக்கத் துவங்கீட்டானாம். படம் பாத்தனீங்களே?"

"ஓம். பாத்தனான்." கையில் ஒட்டிய மண்ணைக் காற்சட்டையில் துடைத்தார். "இவ்வளவையும் ஆர் தின்னிறது?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டார். என்னைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவர் போன பிறகு றெஜினாக்காவுக்கு போன் எடுத்தேன். பின்னால் குழந்தை சிணுங்கியது. அண்ணை வந்ததைச் சொன்னேன். கொப்பு வெட்டுகிற கதையையும் சொன்னேன், மறைத்து என்ன?

"அந்த மனுசனை அந்த மண்ணிலை நட்டது நான்தானே, பிள்ளை. இப்ப பிடுங்கினால் பட்டுப்போவார்" என்றாள்.

போனை வைத்துவிட்டு அழுதேன். மகள் பயந்துபோய் ஏனென்று கேட்டாள். என்னவென்று சொல்ல? ஒரு சொல்லுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு உலகத்தின் எந்த மூலைக்கும் கிளம்பத் தெரிந்த ஒரு அன்ரன் அண்ணை இந்த ஊரில் இருந்தார். நானும் சேர்ந்துதான் அவர் நிற்கவேண்டுமென்று சாந்தா ரொசாலியாவிடம் நேர்ந்துகொண்டேன். அந்த ஆள் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்நேரம் பேரனை மடியில் வைத்திருப்பார்.